புறக்கோட்டையில் இருக்கும் மருமகனுக்கு

காத்தான்குடி

அன்புள்ள மருமகன்,



பெருநாளைக்கு வந்து நின்ற நாட்களில் ஸுபஹுக்கு எழுப்பினால் நீ புரண்டு படுத்தாய் என்று உன் உம்மா சொல்லி அழுதாள். ளுஹரும் அஸரும் கடையோடு போய்விடுகிறது, ஜும்ஆவை மட்டும் விடுவதில்லை என்றாயாம். மனம் சுத்தமாக இருந்தால் போதாதா என்றும் கேட்டாயாம். அவளுக்குப் பதில் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மனம் சுத்தம் என்பது நமக்கு நாமே கொடுத்துக்கொள்ளும் சான்றிதழ். மஹ்ஷரில் முதலில் விசாரிக்கப்படுவது தொழுகை என்று ரஸூலுல்லாஹ் சொல்லியிருக்கிறார்கள். முத்தஸ்ஸிர் சூறாவைப் பார். நரகத்தில் கிடப்பவர்கள் தாங்கள் அங்கே வந்த காரணத்தைச் சொல்லும்போது தொழாமல் இருந்ததைத்தான் முதலில் சொல்கிறார்கள். ஏழைக்குச் சோறு போடாததுகூட அதற்குப் பிறகுதான் வருகிறது. மாஊன் சூறா இன்னும் கடுமை. தொழுதுகொண்டே தொழுகையில் பொடுபோக்காக இருப்பவனையும் அது எச்சரிக்கிறது.

வேண்டுமென்றே தொழுகையை விட்டவன் தீனை விட்டே போய்விட்டான் என்று சொன்ன பெரிய இமாம்கள் உண்டு. நம் ஷாபிஈ மத்ஹபில், சோம்பலால் விட்டவன் கொடும்பாவி, ஆனாலும் முஸ்லிம்தான். தொழுகை கடமையே இல்லை என்று மறுத்தால்தான் வெளியேறுகிறான். இதை வாசித்ததும் உனக்குப் பெருமூச்சு வந்திருக்கும். ஆனால் யோசித்துப் பார், ஒருவன் உள்ளே நிற்கிறானா வெளியே போய்விட்டானா என்று ஆலிம்கள் தர்க்கிக்கும் அளவுக்குப் போன பாவம் வேறு எத்தனை இருக்கிறது?

மீரா ஜும்ஆப் பள்ளிச் சுவரில் சன்னம் துளைத்த அடையாளங்களைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவன் நீ. 1990 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை இரவு. இஷாத் தொழுகையில் நின்றவர்களை அங்கேயும் ஹுஸைனிய்யாப் பள்ளியிலும் புலிகள் சுட்டார்கள். நூறு பேருக்கு மேல் ஷஹீதானார்கள், சின்னப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அவர்களைக் காட்டி உன்னை வெருட்டுவது எனக்கே பிடிக்காது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அவர்கள் நம்மைப் போன்ற சாதாரண ஊர்ச்சனம். யுத்த காலத்திலும் இஷாவுக்குப் பள்ளிக்குப் போகாமல் இருக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

நேரம் இல்லை என்கிறாய். வாவியில் தோணியோடு நிற்கிறவனுக்கும் மஃரிப் வருகிறது. கம்பை ஊன்றித் தோணியைக் கட்டிவிட்டு, அந்த உப்புத் தண்ணீரிலேயே ஒழுச் செய்யலாம். நின்றால் தோணி புரளும் என்றால் உட்கார்ந்தே தொழலாம். பிரயாணிக்குச் சுருக்கித் தொழவும் சேர்த்துத் தொழவும் அனுமதி இருக்கிறது. இவ்வளவு இறங்கி வரும் மார்க்கம், கடையில் ஆள் கூட்டம் என்பதை மட்டும் காரணமாக எடுப்பதில்லை.

இரண்டாம் குறுக்குத் தெருவில் 1909-ல் கட்டி முடித்த சம்மாங்கோட்டுப் பள்ளி இருக்கிறது. அதன் சிவப்பு வெள்ளைக் கோடுகளைப் படமெடுக்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். நீ பார்சலைத் தூக்கிக்கொண்டு தினமும் அதைக் கடந்து போகிறாய்! முதலாளியிடம் நேரே கேள். பிளேன்டி குடிக்க விடுகிறவர் நாலு ரக்அத்துக்கு விடமாட்டாரா? விடாவிட்டால் துணிக்கட்டுகளுக்கு நடுவே ஒரு முஸல்லா விரிக்கவாவது இடம் கேள். பிறகும் மறுத்தால் எனக்குச் சொல், வேறு கடை பார்ப்போம்.

விட்டதெல்லாம் மலைபோலக் கிடக்கிறதே என்று பயந்து ஒத்திப்போடாதே. மனமுருகித் தவ்பாச் செய். பிறகு ஒவ்வொரு பர்ளோடும் ஒரு கழாவாவது சேர்த்துத் தொழு, முடிந்த நாளில் கூடவும் தொழு. ஸுபஹுக்கு எழும்ப வேண்டுமென்றால் நடுநிசிவரை போனை நோண்டுவதை விடு. இது ஆலிம் சொன்ன பத்வா இல்லை, மாமாவின் பத்வா.

மாதக் கடைசியில் சரக்கெடுக்க வருகிறேன். ளுஹருக்குச் சம்மாங்கோட்டுப் பள்ளி ஹவுழடியில் நில், ஜமாஅத்துக்குச் சேர்ந்து போவோம். பகல் சோறு அதற்குப் பிறகு, காசு நான் கொடுக்கிறேன். உம்மாவுக்கு இன்றைக்கே ஒரு கோல் எடு.

வஸ்ஸலாம்,
மாமா