பத்தடிக் காம்பராவில் படிக்க ஓரிடம்



பழைய லயத்துக் காம்பரா பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடிதான். முன்னே ஒரு சிறு இஸ்தோப்பு, பின்னே புகை மண்டிய குசினி. கட்டில் போடவே இடம் போதாது. ஆயினும் நம் கத்தோலிக்க வீடுகளில் திரு இருதய ஆண்டவரின் படத்துக்கென்று சுவரில் ஒரு பலகை இருக்கிறது. அதில் யாரும் கொழுந்துச் சாக்கை வைப்பதில்லை. சவரக் கத்தியை வைப்பதில்லை. அது ஆண்டவருடைய இடம் என்று மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். இடம் இல்லாத வீட்டிலும் மனம் வைத்தால் இடம் உண்டாகிறதல்லவா? பிள்ளையின் படிப்புக்கும் அப்படி ஓர் இடம் ஒதுக்க வேண்டுமென்பதே இவ்வாரம் நாம் சிந்திக்க வேண்டிய விஷயம்.

2020 மார்ச் மாதத்தில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடம் கைத்தொலைபேசி வழியாக வீட்டுக்கு வந்தது. வந்த பாடத்தை உட்கார்ந்து படிக்க வீட்டில் இடமில்லை. பல இடங்களில் சிக்னலும் இல்லை. நமது பதுளை மாவட்டத்து லுணுகலையில் 2021-ஆம் ஆண்டு பிள்ளைகள் பெரியவர் துணையோடு மலைக் காட்டுக்குச் சென்று, மரத்தின்மேல் கட்டிய குடிலில் ஏறி இணையப் பாடம் படித்தார்கள். அச்செய்தியை உலகமே வியந்து வாசித்தது. நாம் வியந்தால் போதாது. பாடசாலைகள் திறந்துவிட்டன, ஆனாலும் ஆசிரியர்கள் இன்றும் வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்புகிறார்கள். கணினி வேலை கற்ற மூத்த பிள்ளைகளில் சிலர், கொழும்புக்குப் போகாமல் வீட்டிலிருந்தே உழைக்க ஆசைப்படுகிறார்கள்.

செலவைப் பற்றி அஞ்ச வேண்டாம். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலமுள்ள ஒரு பலகை போதும். அதைக் கதவுப் பிணைச்சலால் சுவரோடு பொருத்தி, கீழே ஒரு முட்டுக் கட்டை கொடுத்தால் வேண்டும்போது விரிக்கலாம், படுக்கும் நேரம் மடக்கிவிடலாம். (லயம் தோட்டத்துக்குச் சொந்தமானதாகையால், சுவரில் ஆணி அடிக்குமுன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.) பலகை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்? பிள்ளையை நிமிர்ந்து உட்காரவைத்து, கைகளைத் தொங்கவிட்டு, முழங்கையை மடக்கச் சொல்லுங்கள். முழங்கை நிற்கும் உயரமே பலகையின் உயரம். கால் அந்தரத்தில் தொங்கினால் அடியில் ஒரு மரக்கட்டையைப் போடுங்கள். தரையில் குப்புறப் படுத்து எழுதும் பிள்ளைக்குக் கழுத்தும் முதுகும் நோகும். அதைச் சோம்பேறி என்று திட்டுவதில் பயனில்லை.

பலகையை அடுப்பங்கரைப் பக்கம் வைக்காதீர்கள். மழை அடிக்கும் வெளிச்சுவரும் உதவாது. ஊவாவில் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைக்குப் புத்தகங்கள் பூஞ்சணம் பிடிக்கும். வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வந்தால் கைநிழல் எழுத்தின்மேல் விழாது. மின்சாரத்தை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை இருளில் இருந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். சார்ஜ் செய்யும் எல்இடி விளக்கு ஒன்று இருந்தால் நல்லது. குப்பி விளக்கைத் தவிர்க்க முடியாதவர்கள், சரிந்து விழாத, மூடி இறுகிய விளக்கையே பாவியுங்கள். தீக்காயம் பட்டவர்களைக் கண்டு மனம் நொந்த நம் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் டொக்டர் விஜய கொடகும்புர, குள்ளமான மார்மைட் போத்தலைப் பார்த்து அப்படியொரு விளக்கை அமைத்து, 1998-இல் ரோலெக்ஸ் விருதும் பெற்றார்.

கைத்தொலைபேசியைக் கையில் பிடித்துக் குனிந்தபடி படிக்க விடாதீர்கள். ஒரு பால்மா டின்னில் சாய்த்து, முகத்துக்கு நேரே நிறுத்துங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணை எடுத்துத் தூரத்து மலையைச் சற்றே பார்க்கட்டும். நமக்கு மலைக்கா பஞ்சம்! சிக்னல் மேட்டில்தான் கிடைக்குமென்றால், அங்கே பாடத்தை இறக்கிக்கொண்டு வீட்டில் வந்து படிக்கலாம். இருட்டில் பிள்ளையை, அதிலும் பெண்பிள்ளையை, அங்கே தனியே விடாதீர்கள்.

பலகை அடிப்பது அரைநாள் வேலை. அதன்முன் பிள்ளையை உட்காரவிடுவதுதான் கடினம். தாய் கொழுந்தெடுத்துத் திரும்புமுன் தண்ணீர் எடுப்பவள் மகள். தம்பியைப் பார்ப்பவள் மகள். சோறு வடிப்பவளும் மகளே. மகனோ பந்தடித்துவிட்டு வருகிறான். சாதாரண தரப் பரீட்சையில் கணக்கில் தவறினால் மட்டும் அவளிடம் காரணம் கேட்கிறோம்! வேலையைப் பகிருங்கள். மகனும் குடம் தூக்கலாம். நாசரேத்து வீட்டில் தண்ணீர் எடுத்தது மரியன்னை மட்டும்தான் என்று யார் சொன்னது? மாலைச் செபமாலை முடிந்ததும் ஒரு மணி நேரம் தொலைக்காட்சியை நிறுத்துங்கள். தகப்பனாரின் நண்பர்கள் அந்நேரம் வந்தால், அவர்களை இஸ்தோப்பில் அல்ல, சற்று எட்ட அழைத்துச் சென்று பேசலாம். நடுச்சுவர் மெல்லியது, ஆகவே பக்கத்துக் காம்பராக்காரரோடும் பேசி, லயம் முழுவதற்கும் ஒரே நேரத்தை வைத்துக்கொண்டால் சண்டையில்லை.

இதற்கும் வழியில்லாத வீடுகள் உண்டு. ஒன்பது பேர் இருக்கும் காம்பராவில் எந்தச் சுவரில் பலகை அடிப்பது? ஆனால் நம் தோட்டங்கள் பலவற்றில் சிற்றாலயம் ஒன்று இருக்கிறது. ஞாயிறு திறக்கிறோம், திருநாளுக்குத் திறக்கிறோம். மற்ற நாள் பூட்டு. வாங்கும் விளக்கும் உள்ளே சும்மா கிடக்கின்றன. பங்குத்தந்தையின் அனுமதியோடு, வார நாட்களில் மாலை ஆறு முதல் எட்டு வரை, பெற்றோர் இருவர் முறைவைத்துக் காவலிருக்க, அதைப் படிப்பறையாக்கலாம். எம்மதத்துப் பிள்ளையும் வந்து உட்காரட்டும். சாவி யாரிடம் இருக்கிறதென்று வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் விசாரியுங்கள்.