புலியின் காலடித் தடத்தை அளப்பது எப்படி?

புழுதியில் பதிந்த ஒரு தடத்தைக் கொண்டு புலி ஆணா பெண்ணா, குட்டியா வளர்ந்ததா என்று ஓரளவு கணிக்கலாம். இத்தனை கிலோ என்று சொல்ல முடியாது. புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறை அனுமதியும் வன ஊழியர் துணையும் இல்லாமல் தடம் தேடிப் போகாதீர்கள்.

1. தரையைத் தேர்ந்தெடுங்கள்
கெட்டித் தரைமேல் மெல்லிய புழுதி படிந்த சமமான பாதையே நல்லது. சேற்றில் விரல்கள் விரியும், மணலில் விளிம்பு சரியும். இரண்டிலும் தடம் பெரிதாகத் தெரியும்.

2. புலிதானா என்று பாருங்கள்
பாதத்தில் மெத்தை போன்ற பெரிய சதைப்பகுதி (மெத்தை), அதன் பின்விளிம்பில் மூன்று மடிப்புகள், முன்னால் நான்கு விரல்கள். நடக்கும் புலியின் நகம் பொதுவாகப் பதியாது. நாயின் நகம் பதியும். சிறுத்தையின் தடமும் இதே வடிவம்தான், அளவில் சிறியது. புலிக்குட்டியின் தடம் அதுபோலவே இருக்கும் என்பதால் அருகில் தாயின் தடம் உண்டா என்று தேடுங்கள்.

3. முன்கால், பின்கால் பிரியுங்கள்
முன்கால் தடம் அகலமானது, பின்கால் ஒடுங்கியது. நடக்கும்போது முன்கால் பதிந்த இடத்தின் மேலோ அருகிலோ பின்கால் விழுவதால், பின்கால் தடமே சிதையாமல் கிடைக்கும்.

4. அளவெடுங்கள்
குழியின் மேல்விளிம்பை விட்டு அடித்தளத்தை அளந்துகொள்ளுங்கள். மெத்தையின் அகலம், தடத்தின் நீளம், அகலம் மூன்றையும் குறியுங்கள். அளவுகோலை அருகில் வைத்து நேர்மேலிருந்து படமெடுங்கள். ஒரே காலின் பல தடங்களை அளந்து சராசரி காணுங்கள். ஓர் இடது பின்கால் தடத்திலிருந்து அடுத்த இடது பின்கால் தடம்வரை உள்ள தூரத்தையும் எழுதுங்கள்.

5. கணியுங்கள்
பின்கால் தடத்தைச் சுற்றிக் கட்டம் வரையுங்கள். சதுரமாக வந்தால் ஆணாக இருக்கலாம், நீள்சதுரமானால் பெண்ணாக இருக்கலாம். ரஷ்யத் தூரக் கிழக்கில் முன்கால் மெத்தை 10.5 செ.மீ.க்கு மேல் அகலமிருந்தால் வளர்ந்த ஆண் என்று கொள்வார்கள். அது பனியில் நடக்கும் அமூர் புலிக்கான அளவு. நம் காடுகளுக்கு அப்படியே பொருந்தாது.

6. எல்லை தாண்டாதீர்கள்
தடத்தை வைத்துப் புலிகளை ஒவ்வொன்றாக எண்ணும் முறையை 1966இல் வன அதிகாரி சரோஜ் ராஜ் சௌத்ரி வகுத்தார். தரை மாறினால் ஒரே புலியின் தடமும் மாறும் என்பதே அதன் பலவீனம். அந்த முறையின் கணக்கில் புலிகள் இருந்த ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பது 2005இல் தெரியவந்தது. 2006 முதல் நாடு தழுவிய கணக்கெடுப்பில் தானியங்கி கேமராக்கள் வந்தன. ஆகவே தடக்குறிப்பில் அளவோடு தரையின் தன்மையையும் தேதியையும் இடத்தையும் எழுதி வனத்துறையிடம் கொடுங்கள். அங்கே புலி நடமாடுகிறது என்பதற்கு அது உறுதியான சான்று.