சாலைப் பொறியியலில் எந்தப் பிரிவு? மேற்படிப்புக்கு வருகிறவர்களுக்கு

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் வீடியோ காலில் வந்தாள். சிவில் முடித்தவள். பிரிஸ்பேனில் மாஸ்டர்ஸ் இடம் கிடைத்திருந்தது. பக்கத்தில் அப்பா. "டோல் ரோடு ஃபைனான்ஸ் எடுக்கச் சொல்லியிருக்கேன் சார், அதுலதான் காசுன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார். உனக்கு எந்தப் பாடம்மா பிடிக்கும் என்று அவளைக் கேட்டேன். அதற்கும் அவரே பதில் சொன்னார். லோன் போட்டு அனுப்புகிற தகப்பனின் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் இதே மாதிரிப் பேச்சை இங்கே பல வருடமாகக் கேட்டுவருகிறேன், அப்படி வந்து பாதியில் பிரிவு மாறியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இருக்கும் வழிகள் உங்களுக்கே தெரியும். மண், ஜல்லி, தார் என்று கை அழுக்காவதற்கு யோசிக்காதவர்களுக்குச் சாலைத்தளம். சந்திப்பு, சிக்னல், விபத்துத் தடுப்பு பிடித்தவர்களுக்குப் போக்குவரத்துப் பொறியியல். ஆளைக் கட்டி மேய்க்கத் தெரிந்தவர்களுக்குக் கட்டுமான மேலாண்மை. பஸ், ரயில் திட்டமிடலும் உண்டு. இந்த நான்கில் எதை எடுத்தாலும் பிழைத்துக்கொள்ளலாம். ஐந்தாவதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. டோல் சாலையில் எத்தனை வண்டி வரும் என்று கணித்து, அந்த எண்ணின் மேல் கடனையும் லாபத்தையும் ஏற்றிக் காட்டுகிற வேலை அது. ஏசி அறை, நல்ல சம்பளம், வங்கிக்காரர்களோடு மீட்டிங். இப்போது எல்லோரும் கேட்பது இதைத்தான்.

நீங்கள் வந்து இறங்கப்போகிற பிரிஸ்பேனிலேயே அதற்கான பாடம் இருக்கிறது. கிளெம் 7 என்ற சுரங்கச் சாலை தெற்கே வுலன்கப்பாவையும் வடக்கே போவன் ஹில்ஸையும் ஆற்றுக்கு அடியில் இணைக்கிறது. சுரங்கம் மட்டும் 4.8 கிலோமீட்டர். அப்போதைய மேயர் கேம்ப்பெல் நியூமன், அவரும் ஒரு பொறியாளர், முன்நின்று நடத்திய திட்டம். 2006-இல் பங்குச் சந்தை வழியாகப் பொதுமக்களிடமும் பணம் திரட்டி, வங்கிக் கடன் வாங்கி, ஏறத்தாழ 300 கோடி ஆஸ்திரேலிய டாலரில் முடித்தார்கள். 2010 மார்ச்சில் திறந்தார்கள். ஆரம்பத்திலேயே நாளுக்கு 60,000 வண்டி, பிறகு 90,000-ஐத் தாண்டும் என்பது கணிப்பு. முதல் சில வாரம் இலவசம் என்பதால் கூட்டம் வந்தது. டோல் தொடங்கியதும் 30,000-க்குக் கீழே விழுந்தது. கட்டணத்தைக் குறைத்தும் பார்த்தார்கள். ஒரு வருடம் முடிவதற்குள், 2011 பிப்ரவரியில், 130 கோடி டாலர் கடனோடு அதை நடத்திய நிறுவனம் திவாலானது. 2013-இல் அந்தச் சுரங்கம் 61.8 கோடிக்குக் கைமாறியது.

சுரங்கம் திறந்த வருடம் நான் ஸ்டோரி பாலத்தின் தெற்கு முனையில் நின்று வண்டி எண்ணிக்கொண்டிருந்தேன். கட்டைவிரலால் அமுக்கி எண்ணும் கருவி, மறு கையில் தாள் அட்டை. காலை ஏழேகால். இலவசமான அந்தப் பழைய பாலத்தில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. கூரையில் ஏணி கட்டிய வேன் ஒன்று எனக்குப் பக்கத்தில் நின்றது. ஓட்டியவர் பெயின்டர், சட்டையெல்லாம் வெள்ளைத் தெறிப்பு. சுரங்கத்தில் போகலாமே என்று கேட்டேன். "போக ஒரு தடவை, வர ஒரு தடவை. வாரத்துக்குப் பத்து டோல். எனக்கு மிச்சமாவது அஞ்சு நிமிஷம்" என்றார். நேரத்துக்கு இவ்வளவு விலை என்று கணிப்பு மாதிரியில் ஓர் எண்ணைப் போடுவோம். அந்த எண்ணுக்குள் இந்த மனிதர் இல்லை.

தவறு கூட்டல் கழித்தலில் இல்லை. டோல் சாலைக்கான ஏலத்தில் ஜெயிப்பது அதிக வண்டி வரும் என்று நம்புகிற குழு. நிதானமாகக் கணித்தவன் தோற்று வீட்டுக்குப் போகிறான். உலகெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட டோல் திட்டங்களை ஒப்பிட்ட ராபர்ட் பெய்ன், உண்மையில் வந்த வண்டிகள் கணிப்பைவிடச் சராசரியாக 23 சதவீதம் குறைவு என்று காட்டினார். சிட்னியின் கிராஸ் சிட்டி சுரங்கம் 2005-இல் திறந்து 2006 டிசம்பரில் திவாலானது. லேன் கோவ் சுரங்கம் 2007-இல் திறந்து 2010-இல். பிரிஸ்பேனிலேயே ஏர்போர்ட் லிங்க், 2012 ஜூலையில் திறந்து அடுத்த பிப்ரவரியில்.

இதில் பொதுப்பணம் போகவில்லை, முதலீட்டாளர் தலையில்தானே விழுந்தது, மக்களுக்குச் சாலை மிச்சம் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. வகுப்பில் பாதிப் பேர் அதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கிளெம் 7 பங்கு வாங்கியவர்களில் ஓய்வுக்காலச் சேமிப்பைப் போட்டவர்கள் இருந்தார்கள். கணிப்புத் தந்த நிறுவனத்தின் மேல் வழக்கு நடந்து, பெருந்தொகை கொடுத்துச் சமரசமானது. சிட்னியில் வண்டிகளைச் சுரங்கத்துக்குத் தள்ளுவதற்காக மேலே இருந்த தெருக்களை ஒடுக்கினார்கள். ஊர் கொதித்தது, நாடாளுமன்ற விசாரணை வந்தது. அதற்குப் பிறகு வண்டி வருமோ வராதோ என்ற அபாயத்தைத் தனியார் ஏற்கத் தயங்கினார்கள். சிட்னியின் வெஸ்ட்கனெக்ஸ் சாலையை அரசே கட்டத் தொடங்கி, 2018-இல் 51 சதவீதத்தை விற்றது. கடைசியில் அபாயம் அரசின் கணக்கில்தான் வந்து உட்கார்ந்தது.

என் சொந்தக் காயத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் என் குழு எண்ணிக் கொடுத்ததை வைத்துப் போட்ட கணிப்பு மூன்றாவது வரைவில் உயர்ந்திருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, வாடிக்கையாளர் இன்னொரு வளர்ச்சி விகிதம் போடச் சொன்னார் என்றார்கள். அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஆறு மாதத்தில் சிக்னல் பிரிவுக்கு மாறினேன், இன்றும் அங்கேதான் இருக்கிறேன். அதனால் நான் போக்குவரத்துப் பொறியியல் பக்கம் சாய்ந்து பேசுவேன். ஒரு சந்திப்பில் பச்சை நேரத்தை நாலு விநாடி கூட்டி, அடுத்த வாரம் வரிசை குறைந்திருக்கிறதா என்று நீங்களே போய்ப் பார்க்கலாம். கணிப்பு சரியா என்று தெரிவதற்குள் அதை எழுதியவர் வேறு நிறுவனத்தில் இருப்பார்.

கணிப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. நேர்மையான கணிப்பாளர் இல்லாமல் எந்த ஊரும் சாலை போட முடியாது. ஆனால் அதற்கு ஒரு மனப்போக்கு வேண்டும். மழையில் நாலு மணி நேரம் நின்று எண்ணியும் சலிக்காத பொறுமை, பிடிக்காத எண்ணை மேசையில் வைத்துவிட்டு அதை மாற்ற மாட்டேன் என்கிற துணிவு. இரண்டும் இருக்கிறவர் மூன்று நான்கு வருடம் களத்தில் இருந்துவிட்டு இந்தப் பிரிவுக்கு வரட்டும். அவசரமே இல்லை. அத்தை மகன் எடுத்தான், பக்கத்து வீட்டுப் பையனுக்கு விசா கிடைத்தது என்பதெல்லாம் காரணமாகாது. பெற்றோரே, பிள்ளையை ஒரு நாள் நீங்கள் பேசாமல் பேச விடுங்கள். எந்தப் பாடத்தில் அவன் தேர்வு முடிந்த பிறகும் புத்தகத்தை மூடாமல் இருந்தான் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு வேலை கொடுத்தேன். காந்திபுரத்தில் ஏதாவது ஒரு சந்திப்பில் காலை ஏழு முதல் ஒன்பது வரை நின்று, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு வரியாக, வகை பிரித்து எண்ணி அனுப்பச் சொன்னேன். நேற்று தாளின் படம் வந்தது. டூவீலர் கட்டத்தில் கோடுகள் இடம் போதாமல் ஓரத்துக்கு ஏறியிருந்தன. கீழே அவள் கையெழுத்து: "எட்டேகாலுக்கு ஒரு பஸ் பிரேக்டவுன், அந்த வரியை நம்ப வேண்டாம் சார்."