கோதுமை ஆகாத வயிறும் தீபாவளிப் பலகாரமும்



தீபாவளி லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் திறந்த அன்னைக்கு நிறைய பேர் டிபன் டப்பாவில் பாதுஷா, சோமாசு எல்லாம் கொண்டு வந்தீங்க. நான் மட்டும் வாங்கிக்கலை. "ரொம்பத்தான் பிகு பண்ணிக்கிறா"ன்னு ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. பிகு இல்லை. எனக்கு சீலியாக் என்ற நோய் இருக்கிறது. அதையே பாடமாக எழுது என்று அறிவியல் டீச்சர் சொன்னதால் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிடறேன், இது ஒட்டுவாரொட்டி இல்லை. என் பக்கத்தில் தாராளமாக உட்காரலாம்.

நம் சிறுகுடலின் உள்பக்கம் வழவழவென்று இருக்காது. குடலுறிஞ்சிகள் என்று படித்தோமே, அவை துண்டின் நூல் மாதிரி நெருக்கமாக நிற்கும். சாப்பாட்டில் உள்ள சத்தை ரத்தத்துக்கு அனுப்புவது அவைதான். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. சீலியாக் உள்ளவர்களுக்கு குளூட்டன் உள்ளே போனால், கிருமியோடு சண்டை போட வேண்டிய நம் உடம்பின் காவல் படை தன் குடலையே தாக்குகிறது. உறிஞ்சிகள் தேய்ந்து மொட்டையாகிவிடும். அப்புறம் எவ்வளவு சாப்பிட்டாலும் சத்து ஒட்டாது. வயிற்றுப்போக்கு, வயிறு உப்பல், ரத்தசோகை வரும். சிலர் உயரமாக வளர மாட்டார்கள். பிரேயரில் நான் ஏன் எப்போதும் முதல் ஆளாக நிற்கிறேன் என்று இப்போது தெரியுதா?

குளூட்டனைக் கண்ணால் பார்க்க ஒரு சோதனை இருக்கு. கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து கால் மணி நேரம் வைத்து, தண்ணீருக்குள் மெதுவாகக் கசக்குங்கள். தண்ணீர் பால் மாதிரி ஆகும், அது மாவுச்சத்து. கடைசியில் கையில் ரப்பர் மாதிரி இழுபடும் ஒரு உருண்டை நிற்கும். அதுதான் குளூட்டன். பரோட்டா மாஸ்டர் மாவை வீசி வீசி விரிக்க முடிவது இதனால்தான். அரிசி மாவில் இதைச் செய்தால் உருண்டையே கிடைக்காது.

இந்த நோய்க்குக் கோதுமைதான் காரணம் என்று உறுதியான கதை பெரியது. நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். அவருக்கு 1930களிலேயே ரொட்டி மேல் சந்தேகம். இரண்டாம் உலகப் போரில், 1944-45 குளிர்காலத்தில், அங்கே கடும் பஞ்சம். ரொட்டி கிடைக்காமல் ஜனங்கள் துலிப் பூச்செடியின் கிழங்கைக்கூடத் தின்றார்கள். ஊரே பட்டினியில் வாட, சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள்! திரும்ப ரொட்டி வந்ததும் திரும்ப நோய். டிக்கே இதை ஆராய்ந்து 1950இல் எழுதினார். எத்தனையோ பேர் செத்த பஞ்சம் அது. அதிலிருந்துதான் என் வைத்தியம் வந்தது என்று நினைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது.

நம் நாட்டில் வடக்கே இது அதிகம். 2016இல் வந்த ஆராய்ச்சியில், வடக்கே ஆயிரத்துக்கு எட்டு ஒன்பது பேருக்கும், தெற்கே பத்தாயிரத்துக்குச் சுமார் ஒருவருக்கும் இருப்பதாகக் கணக்கு. அங்கே ஒரு ஆள் தினமும் 455 கிராம் கோதுமை சாப்பிடுகிறார், இங்கே 25 கிராம்தான். நம்ம பக்கம் அரிதாக இருப்பதால் யாருக்கும் சட்டென்று தோன்றுவதில்லை. எனக்கு நாலாம் வகுப்பிலிருந்து வயிற்றுப்போக்கு. ஒரு இடத்தில் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள், இன்னொரு இடத்தில் டானிக். ஆயா மந்திரித்துக் கயிறு கட்டினாங்க. தெம்பு வரட்டும் என்று அம்மா தினமும் மால்ட் பொடி கலந்து கொடுத்தாங்க. மால்ட் பார்லியில் செய்வது! ஆறாம் வகுப்பில் புதுச்சேரிக்குப் போய் ரத்தப் பரிசோதனையும், வாய் வழியாகக் குழாய் விட்டுச் சிறுகுடலில் சதை எடுத்த பரிசோதனையும் செய்த பிறகுதான் தெரிந்தது. அதற்கு முன்பே கோதுமையை நிறுத்தியிருந்தால் பரிசோதனையில் தெரியாமலே போயிருக்கலாமாம். வீட்டில் ஒருவருக்கு இருந்தால் கூடப் பிறந்தவர்களுக்கும் வர வாய்ப்பு உண்டு என்பதால் தம்பிக்கும் ரத்தம் எடுத்தார்கள். அவனுக்கு இல்லை. பரோட்டாவை என் எதிரிலேயே தின்பான்.

இதற்கு மருந்து கிடையாது. வாழ்நாள் முழுக்கக் குளூட்டனைத் தொடாமல் இருப்பதுதான் வைத்தியம். மைதா, ரவை, சேமியா எல்லாமே கோதுமைதான். சாதாரண நாளில் கஷ்டம் இல்லை. இட்லி, கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், கல்வராயன் மலைச் சாமைச் சோறு, மரவள்ளிக் கிழங்கு, ஜவ்வரிசி எதிலும் குளூட்டன் இல்லை. பொங்கல் என்னுடைய பண்டிகை, அரிசி, வெல்லம், கரும்பு, மொச்சைதானே. ரம்ஜானுக்குத் தோழி வீட்டுப் பிரியாணி சாப்பிடுவேன், சேமியாவைத் தொட மாட்டேன்.

கஷ்டம் லீவில் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போகும்போதுதான். "ஒரு வாய் தின்னா ஒன்னும் ஆகாது கண்ணு" என்பார்கள். வலி வராவிட்டாலும் உள்ளே உறிஞ்சி தேயும் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. இரண்டு வருஷம் முன்னாடி பெரியம்மா வீட்டில் அரிசி முறுக்கு தின்று மூன்று நாள் படுத்துவிட்டேன். அரிசியில் என்ன கெடுதல்? எங்க அம்மா ஒவ்வொன்றாக விசாரிச்சாங்க. முதலில் எண்ணெய், அதே சட்டியில் சோமாசு பொரித்திருந்தார்கள். அப்புறம் பெருங்காயம், கடையில் விற்பதில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். (அரிசி மாவு கலந்ததும் உண்டு, டப்பாவைப் படிக்கணும்.) அப்புறம் மாவு மில். முன்னால் வந்தவர் கோதுமை அரைத்திருந்தால் அது நம் அரிசி மாவிலும் வரும்.

இப்போது அம்மா மில்லில் முதலில் ஒரு படி அரிசி போட்டு ஓட்டச் சொல்லி, அந்த மாவை மாட்டுத் தவிட்டில் கலந்துவிடுவாங்க. அடுத்து அரைப்பதுதான் எனக்கு. புது எண்ணெயில் முதல் ஈடு என்னுடையது, அப்புறம்தான் மற்றவர்களுக்கு. அதிரசம், கடலை மாவு லட்டு, எள்ளுருண்டை என்று போன தீபாவளிக்கு என் தூக்கு நிறைந்துவிட்டது. பெரியம்மாவும் இப்போது எனக்குத் தனிக் கரண்டி வைத்திருக்காங்க.

சோமாசுதான் இன்னும் வரவில்லை. அரிசி மாவில் மூன்று தடவை செய்து பார்த்தோம். மடிக்கும்போதே விண்டுவிடுகிறது, இல்லையென்றால் எண்ணெயில் வாய் பிளந்து பூரணம் முழுக்கக் கொட்டிவிடுகிறது. இழுத்துப் பிடிக்கக் குளூட்டன் இல்லையே! அடுத்த தடவை ஜவ்வரிசி மாவு கொஞ்சம் சேர்த்துப் பார்க்கலாம் என்று ஆயா சொல்லியிருக்காங்க.