உன் வரிசை எழும்பும்போது

அன்புள்ள மகளுக்கு,

சித்தி எழுதுவது. ஊரைவிட்டுச் சென்னைக்குப் போன பிறகு கோயில் பக்கமே போகவில்லை என்றும், ஜெபம் வருவதில்லை என்றும் எழுதியிருந்தாய். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையானால் மனசு ஒரு நிலையில் இருப்பதில்லை என்றாய். விசுவாசம் இல்லாமல் திரும்பப் போய் உட்கார்ந்தால் அது ஏமாற்று ஆகாதா என்று கேட்டிருக்கிறாய். இதை மறைக்காமல் கேட்டாயே, அதற்காகவே உன்மேல் பிரியம் கூடியது.

நீ இரண்டு கேள்விகளை ஒன்றாக முடிந்துவைத்திருக்கிறாய். விசுவாசம் திரும்ப வருமா என்பது ஒன்று, கோயிலுக்குப் போவதா வேண்டாமா என்பது இன்னொன்று. முதலாவது உன் கையில் இல்லை. மனதை மிரட்டி யாரும் எதையும் நம்பவைத்துவிட முடியாது. இரண்டாவதை மட்டும்தான் நீ தீர்மானிக்க வேண்டும்.

அதற்கு முன் தொலைந்தது எது என்று பார். சிலருக்கு ஜெபத்தில் பதில் கிடைப்பது நின்றுபோகும். அதையே விசுவாசம் போய்விட்டதாக எண்ணிக்கொள்வார்கள். அன்னை தெரசாவின் அந்தரங்கக் கடிதங்கள் 2007-இல் புத்தகமாக வந்தபோது பலர் திகைத்துப்போனார்கள். கல்கத்தாச் சேரிகளில் ஊழியம் தொடங்கிய காலம் முதல் ஏறக்குறைய ஆயுள் முழுவதும், கடவுள் தம்மைக் கைவிட்டதுபோன்ற இருட்டில்தான் அவர் நடந்திருக்கிறார். 88-ஆம் சங்கீதத்தை எடுத்துப் படித்துப் பார். புலம்பலாகத் தொடங்கும் மற்றச் சங்கீதங்கள் பெரும்பாலும் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். இது இருளிலேயே முடிகிறது. அதையும் ஆராதனையில் வாசிக்கத்தான் வைத்திருக்கிறார்கள்.

இன்னும் சிலருக்குக் கடவுளோடு சண்டையே கிடையாது, சபையாரோடுதான். நம் பக்கத்து வடக்கன்குளத்தில், கத்தோலிக்கக் கோயிலுக்குள்ளேயே சாதி பார்த்துப் பிரித்து உட்காரவைக்க ஒரு சுவர் நின்றது. 1910-இல் அதை இடித்தார்கள். திரும்பக் கட்டித்தர வேண்டும் என்று நீதிமன்றம்வரை போனவர்களும் பூசைக்கு வந்தவர்கள்தான். நீதிமன்றம் இணங்கவில்லை. இப்படிப்பட்ட சுவர்களால் வெளியேறியவர்களைப் பார்த்துத் திரும்பி வா என்று சொல்ல எனக்கு வாய் வராது. அங்கே மனந்திரும்ப வேண்டியது சபை. உன்னையும் யாராவது அங்கே காயப்படுத்தியிருந்து, அந்த ஆள் இன்னும் அதே அதிகாரத்தில் இருந்தால் போகாதே. அம்மா வருத்தப்படுவாளே என்றுகூடப் போகாதே.

உன் கடிதத்தைப் பார்த்தால் இந்த இரண்டும் இல்லை என்று தெரிகிறது. உன் தோழி புற்றுநோயில் அவ்வளவு துடித்துச் செத்தது ஏன் என்று கேட்டாய். சொல்லப்பட்ட பதில்கள் உனக்குப் போதவில்லை. நான் விசுவாசிக்கிறவள், தினமும் ஜெபிக்கிறவள். என்னிடமும் அதற்குப் பதில் இல்லை. உன் கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் விசுவாசம் இல்லாதவள் கோயிலில் உட்காரலாமா? உட்காரலாம். யோவான் எழுதின சுவிசேஷத்தின் 20-ஆம் அதிகாரத்தைத் திரும்பவும் படி. உயிர்த்தெழுந்த அன்று மாலை இயேசு வந்தபோது தோமா அங்கே இல்லை. மற்றவர்கள் சொன்னதை அவர் நம்பவும் இல்லை. எட்டு நாள் கழித்து இயேசு மறுபடி வந்தபோது தோமா அவர்கள் நடுவில்தான் இருந்தார். பிரசங்கங்களில் அவருடைய சந்தேகத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அந்த எட்டு நாள்தான் பெரிதாகத் தெரிகிறது. நம்புகிறவர்களோடு நம்பாத ஒருவர் அத்தனை நாளும் சேர்ந்து இருந்திருக்கிறார். நம்பவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. அவரை யாரும் வெளியே அனுப்பவும் இல்லை.

ஆனால் உட்காருவது வேறு, நம்பாததை வாயால் சொல்லுவது வேறு. இந்த இடத்தில் நீ டால்ஸ்டாயைப் படிக்க வேண்டும். இளம்வயதிலேயே விசுவாசத்தை விட்டவர் அவர். ஐம்பது வயதை நெருங்கும்போது, வாழ்வதில் என்ன பொருள் என்று தெரியாமல், தற்கொலை எண்ணம் வரும் அளவுக்குத் தவித்தார். படிப்பில்லாத குடியானவர்கள் தங்கள் விசுவாசத்தைப் பிடித்துக்கொண்டு துன்பத்தையும் சாவையும் தாங்குவதைக் கண்டு, அவர்களோடு சேர்ந்துகொள்ள ஆசைப்பட்டுக் கோயிலுக்குத் திரும்பினார். உபவாசம் இருந்தார், மண்டியிட்டார், புரியாத சடங்குகளையும் பணிவோடு செய்தார். பல ஆண்டுகளுக்குப் பிறகு நற்கருணை எடுக்கப் போனபோது, தாம் விழுங்கப்போவது மெய்யாகவே கிறிஸ்துவின் மாம்சமும் இரத்தமும் என்று விசுவாசிப்பதாகச் சொல்லும்படி குருவானவர் கேட்டார். அது நெஞ்சில் குத்தியதாக அவரே தம் ‘ஒப்புதல்’ நூலில் எழுதுகிறார். அன்று தலைகுனிந்து சொல்லிவிட்டார். இரண்டாம் முறை போக அவரால் முடியவில்லை. பின்னாளில் திருச்சபைக்கு எதிராகவே எழுதினார். 1901-இல் ரஷ்யத் திருச்சபை அவரை விலக்கிவைத்தது.

அவர் திரும்பிப் போனதே தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. நம்பாததை நம்புகிறேன் என்று சொல்லவேண்டி வந்த அந்த ஒரு நிமிடம் இல்லாதிருந்தால், அவர் அந்தக் குடியானவர்கள் நடுவே இன்னும் கொஞ்ச காலம் நின்றிருப்பார் என்று நினைக்கிறேன்.

டார்வின் குடும்பத்தில் வேறு விதமாக நடந்தது. அவருடைய மகள் ஆனி 1851-இல் பத்து வயதில் இறந்துபோனாள். அதற்குப் பின் ஞாயிறு ஆராதனைக்குக் குடும்பம் போகும், அவர் உள்ளே போகாமல் நடக்கப் போய்விடுவார். அப்படியும் அந்த ஊர் குருவானவரோடு கடைசிவரை நட்பாக இருந்தார். ஏழைகளுக்கு நிலக்கரியும் துணியும் கிடைக்கச் செய்த ஊர்ச் சங்கத்தின் கணக்கைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டார். அவர் மனைவி எம்மா பக்தியுள்ளவர், ஆனால் திரித்துவக் கோட்பாட்டை ஏற்காத குடும்பத்தில் வளர்ந்தவர். விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது சபையார் எல்லோரும் பீடத்தின் பக்கம் திரும்ப, எம்மாவும் பிள்ளைகளும் திரும்பாமல் நிற்பார்களாம். ஒரு சின்னக் கிராமத்துக் கோயிலில், எல்லோர் கண்ணுக்கும் முன்னால், அப்படி நிற்க எவ்வளவு தைரியம் வேண்டும்!

நம் சி.எஸ்.ஐ. நற்கருணை ஆராதனையை எடுத்துக்கொள். உன்னால் எதெல்லாம் உண்மையாகச் செய்ய முடியும் என்று வீட்டிலேயே உட்கார்ந்து பார். பாவ அறிக்கையில் செய்த தப்பை நினைத்து வருந்த உன்னால் முடியும். கீர்த்தனை பாடலாம், சின்ன வயதில் பாட்டி மடியில் கேட்ட ராகம் உனக்கு அந்நியமாகிவிடாது. வேதபாடம் வாசிக்கும்போது கவனித்துக் கேட்கலாம். சமாதானம் கொடுக்கும் இடம் வருகிறதே, அது சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய வழக்கத்திலிருந்து 1950-இல் நம் ஆராதனை முறைக்குள் வந்தது. பக்கத்தில் இருப்பவரின் கைக்குள் கை வைத்து வாங்கி, அடுத்தவருக்குக் கொடுக்கிறோம். அந்தக் கையை நீ மனதார நீட்டலாம். விசுவாசப் பிரமாணம் வரும்போது எழுந்து நில், வாய் திறக்காதே. நற்கருணைக்கு உன் வரிசை எழும்பும்போது உட்கார்ந்தே இரு. திடப்படுத்தல் எடுத்த பிள்ளை ஏன் போகவில்லை என்று ஊர்க் கோயிலானால் எல்லோரும் பார்ப்பார்கள். பார்க்கட்டும். அவர்கள் பார்வைக்குப் பயந்து போய் முழங்காலில் நின்றால், திரும்பவும் கோயிலை வெறுக்கத் தொடங்கிவிடுவாய்.

கோயில் அசன விருந்துக்கோ கிறிஸ்மஸுக்கோ ஊருக்கு வந்து, அந்தக் கூட்டத்திலும் சந்தோஷத்திலும் மனம் இளகி முடிவெடுக்காதே. சென்னையில் உன் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள கோயிலில் சாதாரண ஞாயிறு ஒன்றில் போய்ப் பார். பாதி பெஞ்சு காலியாக இருக்கும், பிரசங்கமும் சுமாராக இருக்கலாம். அங்கே உட்காரப் பிடித்திருந்தால் தொடர்ந்து போ. லெந்து நாட்கள் முழுவதும் போய்ப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். தனிமை தாங்காமல் போனாலும் தப்பில்லை. ஆனால் உன் தனிமையைப் பார்த்துவிட்டு, வந்த வாரமே உன் கையைப் பிடித்து அழவைத்து ஒப்புக்கொடுக்கச் சொல்கிற இடமானால் எழுந்து வந்துவிடு.

கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டுமே என்று அம்மா பேச்சை எடுப்பாள். அதற்காக மட்டும் நீ திரும்புவதில் எனக்குச் சம்மதம் இல்லை. 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி 30 நாள் நோட்டீஸ் கொடுத்துப் பதிவு அலுவலகத்திலேயே மணம் முடிக்கலாம். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

போவதாக முடிவு செய்தால், போகத் தொடங்கி இரண்டு வாரத்துக்குள் அங்குள்ள குருவானவரைப் பார்த்து உள்ளதைச் சொல்லிவிடு: வருவேன், கேட்பேன், இன்னும் விசுவாசிக்க முடியவில்லை, நற்கருணைக்கு வரமாட்டேன். இதைக் கேட்டு உன்னை இருக்கவிடுகிறவர் நல்ல மேய்ப்பர். வற்புறுத்தினால் வேறு கோயில் பார்க்கலாம். தனியாகப் போய்ப் பேசத் தயக்கமாக இருந்தால் எனக்கு ஒரு போன் போடு, ராத்திரி ரயிலில் ஏறி வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
சித்தி