கர்ப்பிணிக்கு மலேரியா: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மாசமாக இருக்கும் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால், காய்ச்சலைவிட மாத்திரைக்குத்தான் வீட்டில் அதிகம் பயப்படுகிறார்கள். மலேரியா என்றால் இந்தப் பயம் தாயையும் சேயையும் சேர்த்தே பாதிக்கும்.

நம்பிக்கை: மலேரியா கொசு சாக்கடையில்தான் பெருகும்.

உண்மை: சாக்கடையில் பெருகுவது பெரும்பாலும் யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ். சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டீபென்சி நல்ல தண்ணீரில் முட்டையிடும். மூடாத மேல்நிலைத் தொட்டி, கிணறு, லாரித் தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம், கட்டடம் கட்டும் இடத்துத் தொட்டி எல்லாம் அதற்கு வசதியான இடங்கள்.

நம்பிக்கை: கொசுவுக்குக் கர்ப்பிணி, மற்றவர் என்ற வித்தியாசம் கிடையாது.

உண்மை: உண்டு. ஆப்பிரிக்காவின் காம்பியாவில் நடந்து, 2000-ல் வெளியான ஆய்வில் கர்ப்பிணிகளை நாடி வந்த மலேரியா கொசுக்கள் ஏறத்தாழ இரு மடங்கு. கூடுதல் மூச்சுக்காற்றும் உடல் வெப்பமும் காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். வீட்டில் இருப்பது ஒரே கொசுவலை என்றால் அது கர்ப்பிணிக்கே. மருந்து தோய்த்த வலையும் அவருக்குப் பாதுகாப்பானதே.

நம்பிக்கை: மலேரியா வந்து வந்து பழகிய உடம்பு தாங்கிக்கொள்ளும்.

உண்மை: நோய் மிகுந்த ஆப்பிரிக்கப் பகுதிகளில் வளர்ந்த பெண்களுக்கு எதிர்ப்புச் சக்தி ஓரளவு உண்டு. ஆனால் ஃபால்சிபாரம் கிருமி நஞ்சுக்கொடியில் ஒட்டிக்கொள்ளும் விதம் அந்த உடம்புக்குப் புதிது. முதல் கர்ப்பத்தில் ஆபத்து கூடுதலாக இருப்பது அதனால்தான். காய்ச்சலே தெரியாமல் ரத்தசோகை முற்றும்; குழந்தை எடை குறைந்து பிறக்கும். அங்கே நான்காம் மாதம் தொடங்கி, மாத இடைவெளியில் குறைந்தது 3 முறை தடுப்பு மாத்திரை தருகிறார்கள். நம் நாட்டில் அந்த முறை இல்லை. உடனடிப் பரிசோதனைதான் நமக்குக் காவல்.

நம்பிக்கை: மலேரியா மாத்திரை கருவைக் கலைத்துவிடும்.

உண்மை: சிகிச்சை பெறாத மலேரியாவே கருவைக் கலைக்கக்கூடியது. சென்னையில் அதிகம் காணப்படும் வைவாக்ஸ் வகைக்கான குளோரோகுயினைக் கர்ப்பிணிக்கு எந்த மாதத்திலும் தரலாம். ஃபால்சிபாரத்துக்கு ஆர்டிமீத்தர்–லூமிஃபான்ட்ரின் மருந்தை முதல் மூன்று மாதங்களிலும் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் பரிந்துரைத்தது. கர்ப்பிணிக்கு ஆகாதது பிரைமாகுயின். ஆகவே வீட்டில் வேறொருவருக்கு எழுதித் தந்த மாத்திரையை எடுத்துக் கொடுக்காதீர்கள்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மலேரியாவுக்கு ரத்தப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். காய்ச்சல் வந்த அன்றே போங்கள். கர்ப்பம் என்பதை முதலில் சொல்லுங்கள்.