வாத்தியங்கள் ஓய்ந்த சபை

கேள்வி: எங்கள் சபை ஆராதனையில் வண்ண விளக்கும் புகையும் வந்துவிட்டன. தேவ பிரசன்னத்தைத் தேடி வரும் எனக்கு மனம் ஒட்டவில்லை. என் விசுவாசம்தான் குறைவா?

பதில்: இல்லை, சகோதரி. உங்கள் தாகம் நியாயமானது. இங்கிலாந்தின் வாட்ஃபோர்டில் ஒரு சபை 1990-களின் பிற்பகுதியில் இதே வறட்சியை உணர்ந்தது. போதகர் ஒலிபெருக்கிகளையும் இசைக்குழுவையும் சில காலம் ஒதுக்கிவைத்தார். முதலில் சங்கடமான மௌனம்; பிறகு அவரவர் சொந்த வார்த்தைகளில் ஜெபிக்கத் தொடங்கினார்கள். அந்த அனுபவத்திலிருந்துதான் அச்சபையில் ஆராதனை நடத்திய மாட் ரெட்மன் ‘தி ஹார்ட் ஆஃப் வொர்ஷிப்’ பாடலை எழுதினார். வாத்தியங்கள் பின்னர் திரும்பி வந்தன. அதில் தவறில்லை, 150-ஆம் சங்கீதமே கைத்தாளங்களோடு துதிக்கச் சொல்கிறதே! ஆனால் சபையின் கண் மேடைக்காரர் மேல் நின்றுவிட்டால் அது ஆராதனையே அல்ல. போதகரிடம் தனியே, அன்போடு பேசுங்கள். ஒரு ஞாயிறாவது பாடல்களுக்கு நடுவே ஐந்து நிமிட அமைதி கேளுங்கள்.